பிரசவத்துக்குப் போன தேதி

அந்த நீல அட்டை நோட்டை நான் வைத்திருந்தது ஆசையால்தான். தாராவியில் எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் யார் எந்த வருடம், எந்த மாதம் பம்பாய் வந்து இறங்கினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகக் கேட்டு எழுதுவேன். மாட்டுங்காவில் குடியிருந்த எனக்கு அது பொழுதுபோக்கு; அங்கே பழகின தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் பக்கங்கள் உண்டு. ஊருக்கு யார் போனாலும் போன தேதி, திரும்பின தேதி இரண்டையும் குறித்துவிடுவேன்.

1968 ஜூனில் அதற்கு ஒரு தேவை வந்தது. தென்னிந்தியர்கள் வெளியேற வேண்டும் என்று சுவர்களில் எழுதியிருந்த காலம். பத்திரிகைகளில் அதை ஆதரித்தும் எதிர்த்தும் தினமும் கடிதங்கள். சர்க்காரில் படிப்புக்கும் வேலைக்கும் இங்கே பதினைந்து வருடம் தொடர்ந்து வசித்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள். தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். அவர்களிடம் ரேஷன் கார்டு ஒன்றுதான் இருந்தது, அதுவும் புதியது. மாட்டுங்காவில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கம் கடிதம் கொடுத்தால் சான்றிதழ் தரும் அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்றார்கள்.

சங்கச் செயலாளர் ஒரு பேங்க் அதிகாரி. பதினோரு வருடமாக ஒரே ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து பேப்பரை மாற்றிப் படித்தவர்கள் நாங்கள். அவரிடம் நோட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "உம்ம நோட்டு இருக்கறச்சே வேற சாட்சி எதுக்கு, ஓய்?" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். வெளியேறச் சொல்லும் கூச்சலுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். இங்கேயே வேரூன்றியவர்கள் வேறு, நேற்று வந்து நெரிசல் உண்டாக்குபவர்கள் வேறு என்று ஒருவர் பேசினார். தொடர்ந்த வாசத்துக்கு எழுத்தில் ஆதாரம் உள்ளவர்களுக்கு மட்டும் சங்கம் கடிதம் தரும் என்று தீர்மானம் வந்தது. எழுத்து ஆதாரம் என்றதும் நானும் கை தூக்கினேன். என் நோட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதைத்தான் சொன்னார்கள். புதன்கிழமை நோட்டு திரும்பி வந்தது, கடிதம் வரவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்துப் பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு அடியில் சிவப்புப் பென்சில் கோடு. அவள் பிறந்தது 1951, தாய்வீட்டுப் பிரசவம், திருநெல்வேலி. 1954 ஆவணியில் அவளையும் கூட்டிக்கொண்டு தாய் இரண்டாவது பிரசவத்துக்குப் போனாள். பட்டறை மூடிக் கிடந்ததால் 1956 தை வரை திரும்பவில்லை. வாசம் அறுந்துவிட்டதாம்.

மறுநாள் ரயிலில் செயலாளரிடம் கேட்டேன். பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாத தமிழ்க் குடும்பம் பம்பாயில் ஏது? நீங்களே கும்பகோணத்தில் பிறந்து நாலு மாதக் குழந்தையாக மாட்டுங்கா வந்தவர்தானே, அதுவும் என் நோட்டில் இருக்கிறதே என்றேன்.

"நம்ம கதை வேற, ஓய்" என்றார். "அவாளுக்காகப் பேசப் போய் நம்மையும் மூட்டை கட்டச் சொல்லிடுவான்."

பேப்பரை விரித்துக்கொண்டார். பாதியைப் பிரித்து என்னிடம் நீட்டவும் செய்தார். நான் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அவர் குடும்பத்துப் பக்கத்தில் பென்சில் பட்டிருக்கவே இல்லை.

கெடு முடிந்த மறுநாள் தாராவிக்குப் போனேன். இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டிருந்தது. மகள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தகப்பனார் பட்டறைக்குப் போயிருந்தார். தாய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். செயலாளர் செய்ததை முழுக்கச் சொன்னேன். என் கோபத்தையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஊர்ல இருந்தத ஏன் அண்ணாச்சி எழுதுனிய?" என்றாள்.

நடந்ததைத்தானே எழுதினேன் என்றேன்.

"நடந்ததுதான். சான்றிதழ் ஆபீஸ்ல கேட்டப்போகூட நான் சொல்லல. உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்."

டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.