வூடு என்று தட்டச்சு செய்தவர்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குள் பஸ் திரும்பும்போதுதான் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற தலைப்புக்குக் கீழே மலர்க்கொடியின் படம். ஏதோ கல்யாணத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், காதோரம் கனகாம்பரம் தெரிந்தது. படத்துக்கு அடியில் 'இயற்க்கை எய்தினார்' என்று அச்சடித்திருந்தார்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வேண்டாத 'க்'தான். "புள்ளி வச்ச 'ற்' பக்கத்துல இன்னொரு புள்ளி எழுத்து நிக்காதுங்க" என்று அவர் எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த எழுத்தைப் பார்த்து எரிச்சல்பட்ட பிறகுதான், போனது யார் என்பதே எனக்கு உறைத்தது. பஸ் நிற்பதற்குள் இறங்கிவிட்டேன்.

பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு மலர்க்கொடியைத் தெரியாமல் இருக்காது. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, வேலைக்குக் காத்திருந்து அலுத்து, கடைவீதி மாடியில் ஒரு டி.டி.பி. சென்டர் போட்டவர். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோதும், அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்தபோதும், ஊரில் உள்ள லெட்டர்பேடுகளை எல்லாம் அவர்தான் மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தார். "அடிக்கடி பிரிச்சுச் சேர்த்தாங்கன்னா நம்ம பொழப்பு ஓடிரும்" என்பார். இப்போது மறுபடியும் பிரித்திருக்கிறார்கள், அவர்தான் இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கொண்டுவந்து கொடுப்பதை அப்படியே அடிக்க மாட்டார். ஒருநாள் அரும்பாவூரிலிருந்து வந்த ஒருவர், "எங்க வூட்டுக் கல்யாணம், எல்லாரும் வந்துரணும், அவ்வளவுதாம்மா" என்றார். மலர்க்கொடி அதைக் கேட்டுக்கொண்டே, 'எங்கள் இல்லத் திருமண விழாவிற்குச் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று அடித்து முடித்துவிட்டார். அதை வாங்கிப் படித்த மனிதர், இருந்த இடத்தில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே மலர்க்கொடி அந்தத் தொழிலைச் செய்தார் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் முதல் நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் குமாஸ்தா. கடலைக் காடுகள் சுண்ணாம்புக்கல் குழிகளாக மாறியதையும், அந்தக் காடுகளில் களை வெட்டியவர்கள் குழிக்குள் கல் உடைக்க இறங்கியதையும் எழுதியிருந்தேன். இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவதாக, சென்னையில் ஒரு சின்னப் பதிப்பாளர், பிழை திருத்திப் பக்கம் கட்டிப் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பினால் புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். கொஞ்சம் விட்டால் மனசு மாறிவிடுவார் என்று எனக்குப் பயம்.

முதல் புரூஃப் வந்தது. குடித்துவிட்டு வந்த புருசனை ஒருத்தி திட்டும் இடம். 'எங்கடா போயித் தொலஞ்ச? வூட்டுல ஒல வைக்க அரிசி இல்ல' என்று நான் எழுதியிருந்தேன். புரூஃபில் அவள், 'எங்கே போய்த் தொலைந்தாய்? வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை' என்று ஒற்றுப்பிழை இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள். புரட்டப் புரட்ட எல்லாப் பக்கமும் இதே கதை. கல்குழியில் ஒரு ஆள்கூட 'போயிட்டு வரேன்' என்று சொல்லவில்லை. எல்லோரும் 'சென்று வருகிறேன்' என்றுதான் கிளம்பினார்கள்.

மாடிப்படியில் ஏறும்போதே கத்திக்கொண்டுதான் போனேன். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? இது யாரு பேசுற தமிழு?"

"அச்சுல வர்ற தமிழ்ண்ணே" என்றார் அவர். "நம்ம சனம் பொஸ்தகத்துல வர்றதே பெரிசு. வரும்போது நல்லாப் பேசிட்டுப் போகட்டுமே."

நான் விடவில்லை. வூடு இல்லாவிட்டால் நாவலே இல்லை என்றேன். மலர்க்கொடி மானிட்டரை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் திருச்சியில காலேஜ் சேர்ந்த மொத நாளு, 'எங்க வூடு பெரம்பலூரு பக்கம்'னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. படிப்பு முடியிற வரைக்கும் என் பேரே வூடுதான். அன்னையிலேருந்து என் வாயில அந்தச் சொல்லு வந்ததில்ல. நீங்க பக்கத்துக்குப் பத்துத் தடவ அடிக்கச் சொல்றீங்க. படிக்கிறவன் அழுவான்னு நீங்க நெனைக்கிறீங்க, சிரிப்பான்னு நான் நெனைக்கிறேன்."

அதற்கும் என் பிடிவாதம் போகவில்லை. கடைசியில், "உங்க பொஸ்தகம், உங்க இஷ்டம்" என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்ற ஒத்துக்கொண்டார்.

நாலைந்து நாள் கழித்து ஆலைக்குப் போன் வந்தது. "அண்ணே, ஒண்ணு கேக்கவா? கல்லு ஒடைக்கிறவங்க எல்லாம் வூடுங்கிறாங்க. நெலத்த வித்தவரு, கணக்கு எழுதுறவரு, வாத்தியாரு, இவங்க மட்டும் வீடுங்கிறாங்க. எல்லாம் ஒரே ஊருதானே? உங்க வூ... உங்க வீட்டுல அம்மா எப்படிச் சொல்லுவாங்க?"

அம்மா வூடு என்றுதான் சொல்வாள். நானும் ஆபீஸ் வாசலைத் தாண்டினால் அப்படித்தான். அந்த நாவலில் நான் செய்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடுத்த நல்ல துணி இல்லாதவர்களுக்கு மட்டும் வட்டார வழக்கைக் கொடுத்துவிட்டு, என்னைப் போன்றவர்களுக்கு அச்சுத் தமிழைக் கொடுத்திருந்தேன். அப்படி எழுதினால் படிக்கிறவன் சிரிக்கத்தான் செய்வான், அவர் பயந்தது சரிதான்.

நிலக்காரரின் பேச்சிலிருந்து வாத்தியார் பேச்சுவரை எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது. பொங்கல் வந்தது, போனது. கண்காட்சியும் முடிந்தது. பதிப்பாளர் போனை எடுக்கவே இல்லை. நான் சோர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம், "எழுதுங்கண்ணே, அவரு இல்லாட்டி இன்னொருத்தரு" என்று சொல்லி மலர்க்கொடி அடுத்த அத்தியாயத்தைக் கேட்டு வாங்கினார். கரண்டு போன நேரங்களில் நான் உரக்கப் படிப்பேன், அவர் கேட்பார். நிலக்காரர் முதன்முதலாக 'எங்க வூட்டுக் கெணறும் போச்சேடா' என்று சொன்ன இடத்தில், "இப்பதான் இந்தாளு அழுவுறாரு" என்றார்.

புத்தகம் அடுத்த ஆண்டு, திருத்தி எழுதியதைப் படித்துப் பார்த்த அதே பதிப்பாளரிடமிருந்தே வந்தது. முதல் பிரதியை மலர்க்கொடியிடம்தான் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வூடுங்கிறாங்க. கதை சொல்ற நீங்க மட்டும் இன்னும் வீடுன்னே எழுதுறீங்க" என்றார். அது அப்படித்தான், கதை சொல்கிறவன் மொழி வேறு என்று ஏதேதோ விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் அந்த வழக்கு நடந்தது. இனிமேல் நடக்காது என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

சுவரொட்டியைப் பார்த்த அன்று விசாரித்துக்கொண்டு அவர் குடும்பத்தைத் தேடிப் போனேன். காய்ச்சல் என்று திருச்சிக்குக் கொண்டுபோனார்களாம், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லையாம். வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"வூடுன்னு பொஸ்தகம் போட்ட தம்பியா? அதுக்கு முன்னாடியெல்லாம் நான் வாயத் தொறந்தா, 'வூடு இல்லம்மா, வீடு'ன்னு திருத்திக்கிட்டே இருக்கும் எம் புள்ள. நாலு பேரு முன்னால பேசவே எனக்குக் கூச்சமா இருக்கும். அந்தப் பொஸ்தகத்த அடிச்சதுக்கு அப்புறம் திருத்துறத வுட்டுருச்சு. அதுவும் என்னைய மாதிரியே பேச ஆரம்பிச்சுருச்சு."

என்னிடம் ஒருநாளும் அவர் இதைச் சொன்னதில்லை. துக்கம் கேட்கப் போன இடத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அந்த வழக்கில் நான் தோற்றுவிட்டேன் என்பதை இங்கே எழுதிக் கொடுக்கிறேன். இதைத் தட்டச்சு செய்கிறவர் தயவுசெய்து அடுத்த வரியைத் திருத்த வேண்டாம்.

அன்றைக்கு நான் போய் வந்தது மலர்க்கொடியின் வூட்டுக்கு.