சாப்பாட்டுக் கடைக்குப் படம் வாங்கக் கிள்ளான் போனேன்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் நண்பன் சேகரன் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை போடுகிறான். வெள்ளிக்கிழமை திறப்பு. சுவரில் ஆணி அடித்து, மேலே விளக்கும் மாட்டியாயிற்று; படம்தான் இல்லை. "நான் கொண்டு வரும் படத்தைப் பார்த்துப் பாதி கோலாலம்பூர் சோறு மறந்து நிற்கும்" என்று சபதம் போட்டேன். வியாழன் காலை புறப்பட்டது என் திக்விஜயம்.

கேஎல் சென்ட்ரலில் 9.10 கமூட்டர் ரயில். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏசி என்றால் இமயமலை ஏசி. சுபாங் தாண்டுவதற்குள் மீசையில் பனி படிந்துவிட்டது. இறங்கிப் பத்து நிமிட நடை, லிட்டில் இந்தியா. இரண்டு வடை, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, எல்லாம் சேர்த்து ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட்.

துணிக்கடை மாடியில் கமலா பழைய அச்சுப் படங்கள் விற்கிறார். காலனிக் காலப் போர்க்காட்சிகள், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. ஒன்றை வாட்ஸ்அப்பிலேயே பார்த்து மயங்கியிருந்தேன்: யானை, குடை, ஒரு ராஜா, வெள்ளைக்காரத் தளபதி அவர் கையைப் பிடித்து வரவேற்கிறார். கல்யாண வரவேற்பே தோற்றுவிடும். 380 வெள்ளியை 350-க்கு இறக்கினேன்.

"சுருட்டிக் குடும்மா."

"அங்கிள், முதல்ல இந்தப் பூதக்கண்ணாடிய வச்சு வலது மூலையப் பாருங்க."

யானைக்குப் பின்னால் எறும்பளவில் ஆட்கள். கைகள் பின்னால் கட்டு. கழுத்துக்குக் கழுத்து ஒரே கயிறு.

"ராஜா விருந்துக்கு வரல. தோத்துப்போய் சரணடைய வந்திருக்காரு. அவங்க அவரோட ஆளுங்க. தளபதி சட்டையில பட்டன் எத்தனை?"

"ஒன்பது."

"இவங்க முகத்தப் பாருங்க."

முகமே இல்லை. வெறும் முட்டை வடிவம். ஜெயித்தவர்கள் ஊரில் விற்க அச்சிட்ட படம். தளபதியின் பெருந்தன்மை தெரிந்தால் போதுமே.

சேகரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எறும்பு சைஸ்தானே அண்ணே? ஃபிரேம்ல மறைச்சுடலாம் லா. நாளைக்குத் திறப்பு!"

"மறைக்கலாம்டா. பதினொரு பேரு. எண்ணிட்டேன்."

கையிலிருந்த பாத்திரத்தை அவன் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கயித்துல கட்டி நிக்க வச்சிட்டு, எதிர்ல உக்காந்து எப்படிண்ணே சாப்பிடறது? இது சோத்துக் கடைண்ணே. வேணாம். வெறுங்கையோட வாங்க."

கமலா கோபிக்கவில்லை. "இத வாங்க வந்த பாதிப் பேரு இப்படித்தான் போறாங்க" என்று சிரித்தார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மதிய வெயிலில் கிள்ளான் உங்களை அப்பளமாகப் பொரித்துவிடும். திரும்பும் ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை நடுவிலிருந்து பார்க்காதீர்கள், மூலையிலிருந்து தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வெறும் சுவரில் ஜொலித்தது. "படம் எங்கே?" என்று கேட்ட எல்லாரையும் சேகரன் என் பக்கம் திருப்பிவிட்டான். ரசம் சோற்றைப் பிசைந்தபடி நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு வடையை இருபதாக்கும் வாய் இது. ஆனால் கடைசிப் பந்திவரை அவர்கள் பதினொரு பேராகவே இருந்தார்கள்.