காது மிஷினும் தலைமையாசிரியரின் மீசையும்

சுனாமிக்கு அடுத்த ஜூனில், மரக்காணத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளி திறந்த அன்று உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் மகளைக் கூட்டி வந்தார். ஒன்பது வயது. ஜுரம் வந்து காது மந்தமாகி, ஒரு வருஷமாகப் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டவள். மருத்துவ முகாம் ஒன்றில் காது மிஷின் கொடுத்திருந்தார்கள். தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா துணிப்பைக்குள் மார்பில் தொங்கியது. அதிலிருந்து காதுகளுக்கு வயர்.

"பொட்டி தண்ணில நனையக் கூடாதாம் டீச்சர். மத்தபடி எங்க வேணா உக்கார வைங்க," என்றார் அந்த அம்மா.

முதல் வாரம் முழுக்கப் பள்ளியே அந்தப் பையோடுதான் பேசியது. சத்துணவு சமைக்கும் அக்கா குனிந்து, "இன்னொரு கரண்டி சாம்பார் வேணுமா?" என்று பையைக் கேட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று அதனிடம் தங்கள் பெயரைச் சொன்னார்கள். தலைமையாசிரியர் இரண்டு விரலால் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்," என்றார். அவள் துள்ளி விழுந்தாள். அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே சுவிட்சை அணைத்துவிடுவாள்.

வாரம் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியைதான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "மிஷின்ல பாதிதான் சார் கேக்கும். மீதிய அவ நம்ம உதட்டப் பாத்துப் புரிஞ்சிக்கிறா. எதிர்ல நின்னு, முகத்தக் காட்டி, கத்தாம பேசுங்க."

அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்துவதை விட்டேன். தலைமையாசிரியருக்குத்தான் ஒன்றும் சரிப்படவில்லை. அவருடைய மீசை கீழுதடு வரை படர்ந்திருந்தது. "சாருக்கு வாய் இல்ல டீச்சர்," என்றாள் அவள். அதை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மீசை இல்லாமல் வந்தார். ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை அவரைப் பார்த்து அழுதது. பத்து மணிக்கெல்லாம் துக்கம் விசாரிக்க ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

"தவறிட்டது அப்பாங்களா சார், அம்மாங்களா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கப்பா. மூணாம் கிளாஸ்ல ஒரு பொண்ணுக்குக் காது கேக்கல. அதுக்காக எடுத்தேன்."

கேட்டவர் வெகுநேரம் யோசித்தார். "வேண்டுதலா சார்?"

விளக்கி விளக்கி ஓய்ந்துபோய், மதியத்துக்கு மேல் வந்தவர்களிடமெல்லாம் அவர் "ஆமா" என்றே சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அந்தச் சிறுமியின் அப்பா வந்தார். உப்பு வாரிக் கறுத்த முகத்தில், மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"எம்பொண்ணுக்காக நீங்க வேண்டிக்கினு எடுத்திருக்கீங்க. பெத்தவன் நான் மீசையோட திரிஞ்சா நல்லாவா இருக்கும் சார்?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அந்த இரண்டு ஆண்களும் மேலுதட்டைத் தடவிக்கொண்டு சற்று நேரம் எதிரெதிரே நின்றார்கள். நான் வருகைப் பதிவேட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்ததா என்றால், பலித்தது. நாலைந்து நாளில் அவள் என் மேஜைக்கு வந்து, "அப்பா பேசுறது இப்ப தெரியுது டீச்சர்," என்றாள்.

"என்ன பேசறாரு?"

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். "எல்லாம் கெட்ட வார்த்த."

அந்த வருஷம் அவள் ஒரு நாளும் லீவு போடவில்லை. அடுத்த ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போனாள். அந்த வகுப்பு ஆசிரியர் புதிதாகக் கல்யாணமானவர். முதல் நாளே என்னை ஓரமாக அழைத்தார்.

"மேடம், நானும் எடுத்தாகணுமா?"

"உங்களுது சின்ன மீசைதான் சார். போர்டப் பாத்துப் பேசாதீங்க, போதும்," என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டு வகுப்புக்குள் போனார்.