அம்மாவின் பெயரில் தங்கையின் விரல்

இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் எதிர்காலத்தில் சந்திக்கப்போகும் சவால்கள் என்று தலைப்பு. வேகம், பாதுகாப்பு, குவிந்துகொண்டே போகும் தகவல்களை எங்கே வைப்பது, மனிதன் பேசுவதை இயந்திரத்துக்கு எப்படிப் புரியவைப்பது என்று அடுக்கினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன்.

"சார், விரல வச்சு ஆள அடையாளம் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்குல்ல. விரல்ல ரேகையே இல்லாத ஆளுகள அது என்ன செய்யும்?"

அவர் சிரித்தார். "அது ரொம்ப அபூர்வம்மா. எக்ஸப்ஷன்னு தனியா பார்த்துக்கலாம். மெயின் பிராப்ளம் அது இல்ல."

கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். என் அம்மாவைத்தான் அவர் அபூர்வம் என்றார். எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குக் காலையில் வரும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் பார்த்திருந்தால் வேன் நிறைய அபூர்வம் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். வெடியையும் திரியையும் நூலால் இறுக்கி இறுக்கி, பசையும் மருந்தும் பட்டுப் பட்டு, அவள் விரல் நுனிகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. அப்பா லாரி ஓட்டப் போன ஊரிலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மாவின் அந்த விரல்களில்தான் நானும் தங்கையும் வளர்ந்தோம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறந்தபோது வாசலில் மெஷின் மாட்டியிருந்தது. 'இங்கு குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்ற போர்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். பதிவு செய்தவர்கள் மட்டும்தான் உள்ளே போக முடியும், அதனால் சின்னப் பிள்ளைகள் நுழைய வழியே இல்லை என்று முதலாளி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாராம். விரலைப் பதிவு செய்ய மதுரையிலிருந்து டை கட்டிய ஒரு பையன் வந்தான். முதல் நாள் நடந்ததை அம்மா எனக்கு நடித்தே காட்டினாள்.

விரலை வைத்தால் மெஷின் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தாலும் அதே விளக்கு. வரிசையில் நின்ற பெண்கள் கேலியை ஆரம்பித்தார்களாம்.

"என்னடி வையுது அது?"

"எம் மாமியா மாதிரியே வையுது. என்ன சொல்லுதுன்னுதான் வெளங்கல."

"இத்தன வருசமா எம் புருசன் பிடிக்காத கைய இது எங்கன பிடிக்கப் போவுது!"

அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. "கைய நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா" என்றிருக்கிறான்.

"கழுவுனா ரேக மொளைக்குமா தம்பி?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

கழுவினார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள், செங்கல்லில் தேய்த்தார்கள். பாதிப் பேருக்கு விளக்கு பச்சையாகவில்லை. சாயங்காலம் போர்மேன் வந்து, மெஷின் யாரை ஏற்றுக்கொள்ளவில்லையோ அவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வேலை ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தி போய் அதே இடத்தில் உட்காருவாள். பெயர் அம்மாவின் பெயராகவே இருக்கும். போர்மேன் கண்டுகொள்ள மாட்டார். அவருக்குச் சரம் பின்னி முடிந்தால் சரி. அந்தப் பழக்கத்தில் வந்த யோசனைதான் அடுத்த நாள் அம்மா செய்தது. பத்தாவது படிக்கும் என் தங்கையை யூனிஃபார்மோடு கூட்டிப்போய் அவள் விரலை வைக்கச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பையன் தங்கையைப் பார்த்தான். மெஷினில் அம்மாவின் பெயரையும் வயதையும் அடித்தான். அவனுக்கு அன்றைக்குள் வேலையை முடித்து மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். போர்மேன் பக்கத்திலேயே நின்றார். இன்னும் நாலைந்து வீட்டிலிருந்தும் மகளும் மருமகளும் வந்து வரிசையில் நின்றார்கள்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை விரல் வைக்க வேண்டும். தங்கை காலையில் வாசலில் விரல் வைத்து அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவருவாள். பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனபோதுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவ பப்ளிக் பரீட்ச எழுதணும்."

"நீ என்ன படிப்புப் படிக்க? கம்ப்யூட்டருதான? அதுவும் கம்ப்யூட்டருதான? வந்து அதுகிட்டச் சொல்லேன், எங்கம்மா இதுதான்னு."

போர்மேனிடம் போனேன். ரேகை இல்லாதவர்களுக்கு நம்பர் கொடுக்கும் வசதி அந்த மெஷினிலேயே இருக்கிறது என்று சொன்னேன்.

"நம்பரக் குடுத்தா அதச் சொல்லி எவ வேணாலும் உள்ள வருவா. அதத் தடுக்கத்தான இம்புட்டுச் செலவழிச்சு இத வாங்குனது?"

அவர் முதுகுக்குப் பின்னால் என் தங்கை விரல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன நிக்கிறது யாரு சார்?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் யாருன்னு சொல்லுதோ அவுகதான்."

தங்கையின் கணக்குப் பரீட்சை அன்று காலையில் கரண்ட் போய்விட்டது. மெஷினின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. விரல் வைக்காமல் யாரையும் விடமாட்டேன் என்று போர்மேன் கேட்டை மூடினார். அம்மா, "நீ போடி, நா பாத்துக்கிடுதேன்" என்றிருக்கிறாள். இவள் போகவில்லை. போனால் அம்மாவுக்கு அன்று வேலை இல்லை, மறுநாள் போர்மேன் என்ன சொல்வாரோ என்ற பயம். கரண்ட் வந்து விரல் வைத்தபோது பஸ் போயிருந்தது. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் ஓடியிருக்கிறாள். பரீட்சை ஆரம்பித்து அரை மணி நேரம் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். விடவில்லை.

ரிசல்ட் வந்த பிறகு போர்மேனே அம்மாவிடம் சொன்னார். "ரெண்டு நேரமும் இங்கனதான வாரா. சும்மா எதுக்கு நிக்கணும்? உள்ள உக்காந்து பேப்பர் ஒட்டச் சொல்லுங்க." ஒட்டினாள். கொஞ்ச நாளில் சரமும் பின்னினாள். அதன் பிறகு அம்மாவை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஒரு பேருக்கு எதுக்கு ரெண்டு ஆளு? மெஷின்ல இருக்க ஆளு வந்தாப் போதும். நீங்க வீட்டுல இருங்க."

"அது எம் பேருய்யா!"

"ஒங்க பேருதான். யாரு இல்லன்னா?"

அந்தக் கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை பார்க்கவில்லை. மெஷின் அப்படித்தான் சொன்னது. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பதை நெருங்கும் ஒரு பெண், ஒருநாளும் தவறாமல் வருகிறவள். அந்த மெஷினை உருவாக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். விரலை மனதில் நினைத்தபோது அவர்களுக்குத் தங்கள் விரல்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. உழைத்துத் தேய்ந்த விரலை எக்ஸப்ஷன் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தத் துறை வேகத்தையும் பாதுகாப்பையும் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறது. யாருக்குப் பாதுகாப்பு என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.

தனித்தேர்வில் கணக்கை எழுதிவிடலாம் என்று தங்கைக்கு ஃபாரம் வாங்கிப் பணம் கட்டினேன். தீபாவளிக்கு முன்னால், சீசன் உச்சத்தில் இருக்கும்போது தேதி வந்தது.

"ஒருநா லீவு போடுட்டி."

"லீவு போட்டா சீசன் நேரத்துல வேற ஆளப் பதிஞ்சிருவாக. அம்மாவ அது எடுக்காது. நீ ஹாஸ்டல்ல இருக்க. நா போவாட்டி நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா அக்கா?"

"நா பேசுதேன் அந்த ஆளுகிட்ட."

"நீ போன தடவ பேசுனதே போதும்."

அன்றைக்குப் பரீட்சை நேரத்துக்கு முன்னால் ஹாஸ்டல் வாசல் கடையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"கெளம்பிட்டாளாம்மா?"

"கெளம்பிட்டா" என்றாள். பிறகு சொன்னாள், "கம்பெனி வேனு இன்னைக்குச் சீக்கிரமே வந்துருச்சு."