பதினொரு ‘ஆம்’

திட்டமிடுவதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேர் இருந்தது. நானும் அதை மறுத்ததில்லை. வேலணையில் இருந்த அந்தச் சின்னத் தொண்டு நிறுவனத்தில் எந்த வேலைக்கும் அட்டவணை போடுவது என் பொறுப்பு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிக் கொடுத்தால் பொறுப்பாளர் அதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார். அந்தச் சுவரைக் கடந்துபோகும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும்.

ஒரு ஆனி மாதம், நெடுந்தீவில் கண்புரை உள்ளவர்களை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்விக்கும் வேலை வந்தது. வெளியிலிருந்து வரும் வைத்தியர்கள் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் தந்தார்கள். பதினொரு பேருக்கு இடம். ஆட்களைப் பதிய நானே தீவுக்குப் போனேன்.

பதிந்தவர்களில் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதுக் கடற்தொழிலாளி. இரண்டு கண்ணிலும் புரை. வலையில் எங்கே கிழிந்திருக்கிறது என்பதை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார். அடுத்த மாதம் அவருடைய மகளுக்குக் கோயிலில் கலியாணம். விசா ஏற்கெனவே வந்துவிட்டது. கலியாணம் முடிந்த வாரமே அவள் மாப்பிள்ளையோடு கனடா போகிறாள்.

“அவளைக் கலியாணப் பொம்பிளைக் கோலத்தில பாக்கோணும் பிள்ளை. பிறகு இந்தக் கண் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன,” என்றார்.

“அப்ப இருபதாம் திகதி வருவீங்கள்தானே அண்ணை?”

“ஓம், கடல் விட்டா வருவன்.”

பதினொரு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நெடுந்தீவில் செத்த வீடு, கலியாண வீடு, பள்ளிக்கூடக் கூட்டம் எதற்குக் கேட்டாலும் அதுதான் பதில். நான் அதை வாய்ப்பழக்கம் என்று நினைத்தேன். கொப்பியில் அவர்கள் சொன்னபடியே எழுதியவள், கணினியில் ஏற்றும்போது ‘ஆம்’ என்று சுருக்கிவிட்டேன். பதினொரு ஆம். அட்டவணை முழுக்கப் பச்சை. ‘இடர்கள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டதும் நான்தான்.

இருபதாம் திகதி காலை வாகனத்தோடு, நெடுந்தீவுப் படகு வந்து சேரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன். முதல்நாள் பின்னேரமே சோளகக் காற்று எழும்பியிருந்தது. படகு வரவில்லை. அந்தக் கடற்தொழிலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இண்டைக்குப் போட் விடேலாதாம் பிள்ளை. நாங்கள் விடிய அஞ்சு மணிக்கே வந்திட்டம். எல்லாரும் துறையிலதான் நிக்கிறம். நீர் சாப்பிட்டனீரோ?”

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. வைத்தியர்கள் அடுத்த முறை வர மூன்று மாதம் ஆகும். வேறு இடங்களிலும் கேட்டு அலைந்தேன். கலியாணத்துக்கு முன் எங்கும் நாள் கிடைக்கவில்லை.

அந்த வாரம் கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேரும் இடரைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மெத்தப் படித்த நான்தான் அதை வெட்டி எறிந்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய்க்கு நிறம் வேறு தீட்டியிருந்தேன். காற்று என் கையில் இல்லை. ஆனால் ஆட்களை எந்த நாளில் கடல் தாண்ட வைப்பது என்பது என் கையில் இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த முறை வைத்தியர்கள் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். ஐந்து நாள் முன்னதாக, கடல் அடங்கிய முதல் காலையில் ஆட்களை ஏற்றி, வேலணையில் ஒரு மண்டபத்தில் தங்கவைப்பது என்று எழுதிக் கொடுத்தேன்.

“அஞ்சு நாளும் வச்சுச் சமைச்சுக் குடுக்கிறதோ?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

“ஓம். எங்களுக்கு வசதியான நாளில ஏத்தப்போய்த்தான் போனமுறை எல்லாம் பிழையாப் போனது.”

அவர் கையெழுத்து வைத்தார். பதினொரு பேரும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் காற்று எழும்பிப் படகு நின்றது. நாங்கள் மண்டபத்தில் பாயில் இருந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து, எல்லாருக்கும் பார்வை எப்படி என்று விசாரிக்கத் தீவுக்குப் போனேன். அந்தக் கடற்தொழிலாளி தன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கலியாண அல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார்.

“வடிவா இருக்கிறாள், என்ன?” என்றார்.

“நல்ல வடிவு அண்ணை.”

ஒரு படத்தில் மகள் அவருக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறாள். அவர் கை அவள் தலையில் இருக்கிறது. அவள் நிமிர்ந்து அவரையே பார்க்கிறாள். அவருடைய முகம் கொஞ்சம் விலகி, பக்கத்துச் சுவரின் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் அந்தப் படத்தைக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இதில நான் எங்க பாத்துக்கொண்டு நிக்கிறன்?” என்று கேட்டார்.

“அவளைத்தான்,” என்றார் கதவடியில் நின்ற அவருடைய மனைவி.