வஜீதா விடும் அறையும் ஏலகிரி பொக்லைனும்

ஆம்பூரில் ஒரு வதந்தி உலவுகிறது. பைபாஸ் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் வஜீதா, குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் வண்டி எதுவானாலும் பளாரென்று ஒரு அறை விடுவாராம். அது உடனே எழுந்துகொள்ளுமாம். அவர் லாரியை அறைந்ததை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். ரோடு ரோலரை அறைந்ததை டீக்கடைக்காரரின் மச்சான் பார்த்திருக்கிறார். ரயில் என்ஜினை அறைந்ததைப் பார்த்தவர் இன்னும் கிடைக்கவில்லை. தேடினால் கிடைத்துவிடுவார்.

விசாரித்துவிடலாம் என்று ஒரு ஜனவரி காலையில் கடைக்குப் போனேன். போர்டில் ‘தவ்ஃபீக் பேட்டரி ஒர்க்ஸ்’ என்றிருந்தது. தவ்ஃபீக், வஜீதாவின் அண்ணன். ஷார்ஜாவுக்குப் போய் ரொம்ப வருஷமாகிறது. புதிதாக வருகிறவர்கள் வஜீதாவையே ‘தவ்ஃபீக் அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறார்.

கடைக்கு வருமுன் அவர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். அதுவரை பொறுக்காமல் வஜீதாவே மோட்டாரைப் பிரித்துவிடுவார். சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். அன்று சாயங்காலம் சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் எதனாலோ ஸ்டார்ட் ஆகவில்லை. வஜீதா போய்த் தொட்டதும் ஆனது. மறுநாள் மெமோவைக் காணோம். எப்படி என்று கேட்டால் சிரிக்கிறார்.

“தையல் மெஷின் சின்னதுப்பா, அதுல ஜாலி கம்மி,” என்றார். அதனால்தான் பெரிய வண்டிகளுக்கு மாறினாராம்.

நான் அறையைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. ஏலகிரியிலிருந்து கிருபானந்தம். ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டது.

“வஜீதாம்மா, இன்னிக்கு என் பொண்ணு அக்சாவுக்குக் கல்யாணம்மா! கேட்டுக்கு நடுவுல பொக்லைன் நிக்குது!”

“கல்யாணத்துக்குப் பொக்லைன் இன்னாத்துக்கு அண்ணே?”

விஷயம் இதுதான். பந்தல் போட முற்றத்தைச் சமப்படுத்த வந்த கன்னியப்பன், இருட்டிவிட்டதால் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று தன் பொக்லைனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டான். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்கிறது, அவ்வளவுதான். வெயில் ஏறினால் தானாக ஆகிவிடும் என்கிறான். ஆனால் வெயில் ஏறுவதற்குள் சர்ச்சில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பசியோடு வந்துவிடுவார்கள். அண்டா அண்டாவாக ஆம்பூர் பிரியாணி ஏற்றி வந்த வேன் கேட்டுக்கு வெளியே. பந்தி உள்ளே.

கிருபானந்தம் கார் அனுப்பினார். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஏலகிரிக் குளிரைக் கேட்டால் காஷ்மீர்க்காரர் சிரிப்பார். ஆனால் மலையில் ஆட்டுக்கடைக்காரரிலிருந்து போதகர் வரை எல்லாரும் குரங்குக் குல்லாவில் இருந்தார்கள். பொக்லைனை நகர்த்த முடியாத பந்தல்காரர்கள் அதையும் பந்தலில் சேர்த்து, கைப்பிடியில் மல்லிகைச் சரமும் உடம்பெல்லாம் சீரியல் லைட்டும் போட்டு, மணப்பெண்ணைவிட அழகாக்கி வைத்திருந்தார்கள். போதகர் சர்ச்சுக்குக் கிளம்புமுன் ஜெபித்துப் பார்த்திருந்தார். கன்னியப்பன் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்திருந்தான். ஜெனரேட்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் அதே ‘டக்’.

“அக்கா, ஒரு அறை விடுங்கக்கா,” என்று கெஞ்சினான் கன்னியப்பன்.

“இருடா, அவசரப்படாத. சாவியைத் திருப்பு.”

மீட்டரின் இரண்டு ஒயர்களையும் முதலில் பேட்டரியின் மேலேயே வைத்தார். வோல்ட் அதிகம் இறங்கவில்லை. “பேட்டரி மேல தப்பில்ல. அதைப் பேஜார் பண்ணாதீங்க.” பிறகு ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸில் வைத்து, மற்றதை என்ஜின் உடம்பில் குத்தினார். “திருப்பு.” சும்மா கிடக்கவேண்டிய முள் துள்ளி எழுந்தது.

“போற கரண்ட்டு திரும்பி வீட்டுக்கு வரணும் இல்ல? நடுவுல எங்கியோ மாட்டிக்குது. குளிர்ல ஆயில் கூழு மாதிரி கெட்டியாய்டும், ஸ்டார்ட்டர் ஜாஸ்தி கரண்ட்டு கேக்கும். அப்பத்தான் மாட்டிக்கறது தெரியும். மத்தியானம் கொஞ்சம் கேக்கும், சமாளிச்சிக்கும்.”

சொல்லிக்கொண்டே வண்டிக்கடியில் புகுந்தார். எர்த் ஒயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேருகிற போல்ட்டைக் கழற்றினார். வெளியே வந்தபோது கையில் வட்டமாக, அழகாக வெட்டிய ஒரு தோல் துண்டு.

இந்தப் பக்கத்தில் ஆடுகிற எதற்கும் மருந்து தோல் துண்டுதான். கட்டில் கால் ஆடினால் தோல், மிக்ஸி கடகடத்தால் தோல், ஜன்னல் அடித்துக்கொண்டால் தோல். ஷூ கம்பெனிக் கழிவு ஒரு கைப்பிடி எல்லார் வீட்டிலும் கிடக்கும். கன்னியப்பனுக்கு மாமியார் வீடு ஆம்பூர்.

“இது யார் வேலை?”

கூட்டம் மொத்தமும் சீட்டில் இருந்த கன்னியப்பனைப் பார்த்தது.

“எர்த் ஒயர் கடகடன்னு சத்தம் போட்டுச்சிக்கா… தீபாவளி அப்போ…” என்றான்.

“கரண்ட்டு வர்ற வழியில தோலை வெச்சிட்டு எலுமிச்சம்பழமா நசுக்கற?”

துருவைச் சுரண்டி, ஒயரை இரும்போடு இரும்பாக முறுக்கிவிட்டு எழுந்தார். கையை உதறிக்கொண்டார். கல்யாணம் முடிந்ததும் சர்ச்சிலிருந்து முன்னால் ஓடி வந்திருந்த கிருபானந்தம் அப்போதுதான் என் காதில் ரகசியம் சொன்னார்: “இந்தம்மா மெஷினை அடிக்காது சார். கோளாறு பண்ணவன் முதுகுலதான் ஒண்ணு வெக்கும். வண்டி கிளம்பறதும் அறை விழறதும் ஒரே நேரம். தூரத்துல பாக்கறவனுக்கு என்ன தெரியும்?”

வதந்தி தீர்ந்தது. எனக்குத் தீர்ந்தது, கன்னியப்பனுக்குத் தீரவில்லை. வஜீதா பொக்லைனின் ஏணிப்படியில் கால் வைக்கப் போனார். அவன் சாவியைத் திருப்பினான்.

பொக்லைன் ஒரே உறுமலில் எழுந்தது. எழுந்த வேகத்தில் சீரியல் லைட் ஒயரைப் பிய்த்துக்கொண்டு, மல்லிகைச் சரம் ஆட, கேட்டைத் தாண்டி ரோட்டில் ஓடியது. எதிரே மாப்பிள்ளை வீட்டுக் கார்கள். தங்களுக்கு வரவேற்பு என்று நினைத்து இறங்கிக் கைதட்டினார்கள். ஒருவர் செல்ஃபியும் எடுத்தார். கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே பிரியாணி வேன் உள்ளே நுழைந்தது. கிருபானந்தம் அழுதுகொண்டே பந்தி விசாரித்தார்.

கன்னியப்பன் இப்போது மாமியார் வீட்டுக்குச் சுற்றுவழியாகப் போகிறான் என்கிறார்கள். போன வாரம் ஆள் மூலம் மக்கன் பேடா ஒரு டப்பா அனுப்பியிருந்தான். நான் கடைக்குப் போனபோது வஜீதா அதைத்தான் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். தோல் துண்டு கல்லாவுக்கு மேல் ஆணியில் தொங்கியது.

“அப்போ மன்னிச்சிட்டீங்களா?” என்றேன்.

“இது வட்டிப்பா,” என்றார். “அறை அப்படியே இருக்கு.”