கடையை உதறிவிட்டுச் சீட்டுக்குப் போனேன்

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், வில்லியனூரில் நடந்தது இது. கடைத்தெருவில் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு துணிக்கடை. அண்ணன் கல்லாவில் உட்காருவார். நான் பாயில் உட்கார்ந்து துணி விரித்துக் காட்டுவேன். கை துணியில் இருக்கும், புத்தி சீட்டில் இருக்கும்.

சைகோனில் பட்டாளத்து வேலை பார்த்துவிட்டு வந்த சிநேகிதன் ஒருவன் எனக்கு உண்டு. அங்கிருந்து வந்த மற்ற சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்கள், பட்டும் பீங்கானும் கொண்டுவந்தார்கள். இவன் கொண்டுவந்தது போக்கர் ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. நல்ல சீட்டு சேர்ந்தவனுக்கு ஜெயம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல், இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி, எதிராளியைப் பயமுறுத்திச் சீட்டைக் கவிழ்க்க வைத்தாலும் ஜெயம்தான். இந்த ஆட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்து வருஷமாக வாடிக்கையாளர் முகத்தைப் படித்தவனாயிற்றே! ஒதியம்பட்டு, உறுவையாறு, பாகூர் என்று எங்கே உட்கார்ந்தாலும் ஜெயித்தேன். பின்னே எதற்கு முழம் போட்டுக்கொண்டு கிடப்பது, சீட்டையே தொழிலாக்கினால் என்ன என்று ஒரு நமைச்சல்.

அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொல்லிவிட்டார். "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நிக்காதடா. ஆடி பொறக்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லு. கடை வேணாம்னா என் மச்சான் வந்து ஒன் பாயில குந்தட்டும்."

நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் பெரிய திருநாள், வந்துகொண்டிருந்தது. அன்று பாகூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு ஆட வருவார். சீட்டில் அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை. அவரை வென்றால் சீட்டு, தோற்றால் ஆயுசுக்கும் துணி!

அன்று ஊரே குதித்தது. மேரி என்கிற நகராட்சி ஆபீஸ் வாசலில் மூவர்ணக் கொடி, வழுக்குமரம், சாக்கு ஓட்டம், மேளம். பக்கத்து மாந்தோப்பில் ஜமுக்காளம் விரித்து நாங்கள் உட்கார்ந்தோம். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் அவரும் நானும்தான். சுற்றிலும் நாலு வரிசைக்கு ஆட்கள். என் சீட்டை விரித்துப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று ஒட்டாத ஐந்து குப்பை.

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துணி பிடித்துப்போனவன் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டான். மனசு ஒட்டாதவன்தான் பிரித்துப் பிரித்துப் பார்ப்பான். பேசாமல் என் முன்னால் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினேன். நெஞ்சு அடித்த அடியில் மேளமே காதில் விழவில்லை. அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"போதும்பா, நீயே எடுத்துக்க" என்று கவிழ்த்தார்!

நான் என் குப்பையைத் திருப்பிக் காட்டியதும் தோப்பே அதிர்ந்தது. அவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே நின்ற வண்டியில் ஏறி, "இன்னிலேருந்து இதான்யா என் தொழிலு! கடைக்கு ஒரு கும்பிடு!" என்று கத்தினேன். ஒரே விசில். சொல்தா சிநேகிதன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். மச்சான் வந்து பாயில் உட்கார்ந்தார்.

புது ஜிப்பா போட்டுக்கொண்டு, சென்ட் பூசி, தொழிலுக்குக் கிளம்பினேன். ஒதியம்பட்டில் ஒருவருக்குத் திடீரென்று பல்வலி. இன்னொருவருக்கு நாற்றங்கால் வேலை. உறுவையாற்றில் என் தலையைக் கண்டதும் ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள். சிநேகிதனான சொல்தாகூட, "ஆடி மாசம்பா, வூட்ல திட்டுவாங்க" என்றான். சைகோன் வரை போய் வந்தவனுக்கு ஆடி மாதம்! ஆத்திரத்தோடு பாகூருக்கே போய்ப் பண்ணைக்காரரிடம் கேட்டேன், என்னதான் கோபம் என்று.

"கோவம் இன்னா கோவம்?" என்று சிரித்தார். "துணிக்கடைக்காரருகிட்ட தோத்தா நான் வூட்டுக்குப் போயி சிரிச்சிக்குவேன். சீட்டே தொழிலா வெச்சிருக்கறவருகிட்ட தெரிஞ்சே போயி தோத்தா, ஊரு என்னைப் பாத்து சிரிக்கும். ஒங்க தொழிலுக்கு நான்தான் சரக்கா?"

பாகூரிலிருந்து நடந்தே வந்தேன்.

ஆடிப்பெருக்கு வியாபாரம், கடையில் கூட்டம் நெரித்தது. வாசலில் திருடன்போல் நின்றேன். அண்ணன் தலை நிமிரவில்லை. மச்சானிடம் மட்டும், "கொஞ்சம் நவுந்து குந்துப்பா, அவன் ஒக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான். குனிந்து துணியை விரிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்களோடு சேலை எடுக்க வந்தார். நான் பாயில் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்து குனிந்து, "செட்டியாரே, மறுபடி கடைக்காரரா ஆயிட்டீங்களா? அப்ப இன்னா, ஞாயித்துக்கெழம ஒரு கை போடலாமா?" என்றார். கல்லாவில் இருந்த அண்ணனே சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடியோடு தோற்றேன், ஆனாலும் அன்று பட்ட சந்தோஷம் மாந்தோப்பில் ஜெயித்தபோதுகூட இல்லை. சீட்டு வருமா, துணிச்சல் நிற்குமா என்றெல்லாம் யோசித்துத் தொழிலை முடிவு செய்த நான், எதிரே வந்து உட்காருகிறவன் எதற்காக வருகிறான் என்று மட்டும் யோசிக்கவே இல்லை; இன்றைக்கும் யாராவது சீட்டுக்கட்டோடு என் எதிரே வந்து அமர்ந்தால், கட்டைக் கலைப்பதற்கு முன்னால் அவர் வந்ததற்காக மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.